ஹேண்ட்பிரேக்கா, எஃப்எஃப்எம்பெக்கா?

அழகர் ஆற்றில் இறங்கியதை ஹேண்டிகேமில் எடுத்த எம்டிஎஸ் ஃபைல்கள், திருமங்கலம் மண்டபத்துக் கல்யாண டிவிடி. மதுரைப் பக்கம் பல வீட்டு பீரோவில் இந்த இரண்டும் கிடக்கும். இவற்றை டிவியிலும் போனிலும் ஓடுகிற எம்பி4 ஆக மாற்ற, காசில்லாமல் கிடைக்கும் நல்ல மென்பொருள்கள் இரண்டு: ஹேண்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக்.

கல்யாண டிவிடிக்கு ஹேண்ட்பிரேக்தான். அதில் இருப்பது எம்பெக்-2 என்ற பழைய சுருக்க முறையில், 576 வரி கொண்ட இன்டர்லேஸ் படம்; அதாவது ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும் படம். மாப்பிள்ளை கையை அசைத்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு தெரியும். ஹேண்ட்பிரேக் அதைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும். தர அளவை 20-இல் வைத்தால் போதும். எண்ணைக் குறைத்தால் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். எழுத்துக் கட்டளை எதுவும் வேண்டாம், அத்தையே செய்துவிடலாம்.

ஆனால் எதைக் கொடுத்தாலும் படத்தை முதலிலிருந்து மறுபடி சுருக்கும். பழைய கம்ப்யூட்டர் என்றால், சித்திரை வெயிலில் ஃபேன் போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால்? சரி, மறுபடி முதலிலிருந்து.

அழகர் வீடியோவுக்கு இந்தப் பாடு தேவையே இல்லை. எம்டிஎஸ்ஸுக்குள் இருப்பது ஏற்கெனவே எச்.264, எம்பி4-இல் அப்படியே வைக்கக்கூடிய சுருக்க முறை; அதைச் சுற்றியுள்ள ஃபைல் உறையை மட்டும் மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக்கில் 'காப்பி' கட்டளை கொடுத்தால் படம் துளியும் கெடாது, சில நிமிடங்களில் முடியும். டிவியில் சத்தம் வராவிட்டால் ஏசி3 வகை ஒலியை மட்டும் ஏஏசி வகைக்கு மாற்றுங்கள். என்ன, கறுப்புத் திரையில் டைப் அடிக்க வேண்டும்; ஒரு எழுத்து தப்பினாலும் முரண்டு பிடிக்கும்.