கொடைக்கானல் காட்டேஜா, செட்டிநாட்டு வீடா? ரூமும் மெஸ்ஸும் சேர்த்து வாங்க நினைக்கறவங்களுக்கு

கைல ஒரு தொகை சேர்ந்ததும் "ஊர்ப்பக்கம் நாலு ரூம், கீழ ஒரு மெஸ், அது போதும்பா"னு கிளம்புறவங்க நிறைய. தேடி அலைஞ்சு பெரும்பாலும் ரெண்டு இடத்துல வந்து நிப்பாங்க, கொடைக்கானலுக்கு மேல பூம்பாறை, மன்னவனூர் பக்கம் ஒரு காட்டேஜ், இல்லேன்னா கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் ஒரு பழைய வீடு. நான் பாக்கறது ஒண்ணுதான். ரூம் சீசன்ல சம்பாதிச்சிடும், ஆனா மாஸ்டருக்கு பன்னெண்டு மாசமும் சம்பளம் குடுக்கணுமே, அப்ப சீசன் இல்லாத மாசத்துல அடுப்பு எரியுமா?

கொடைக்கானல்ல ஏப்ரல், மே கூட்டத்தப் பாத்து மயங்கிடக் கூடாது. 2024 மே 7லேர்ந்து இ-பாஸ் வந்துடுச்சு, 2025 சீசனுக்கு ஹைகோர்ட் வார நாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறு 6000 வண்டினு லிமிட்டே போட்டுச்சு, ஆக நீங்க நல்லா சம்பாதிக்க வேண்டிய மாசத்துலதான் கேட்ட மூடுறாங்க. நவம்பர் மழைல மேல ரோட்டு மெஸ்ஸுக்கு யாரு வருவா, உள்ளூர்க்காரங்க வீட்லதான் சாப்பிடுவாங்க. பேப்பர் அதவிட தலைவலி. வீடுன்னு அப்ரூவல் வாங்கிட்டு ரூம் வாடகைக்கு விட்ட கட்டடங்களுக்கு கோர்ட் உத்தரவுல சீல் வச்சதெல்லாம் அங்க நடந்திருக்கு, அதனால "ரன்னிங் பிசினஸ் சார்"னு சொன்னாலும் கமர்ஷியல் அப்ரூவல கண்ணால பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. சின்ன பிளாஸ்டிக் பாட்டில் தண்ணியும் விக்க முடியாது, மலைல தடை.

செட்டிநாட்டுல ரூம் சீசன் அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும், வெளிநாட்டுக்காரங்க வர்ற நேரம். மே வெயில்ல ரூம் ஈ ஓட்டும், உண்மைதான். ஆனா பிள்ளையார்பட்டி, குன்றக்குடி கோயிலுக்கு வருஷம் முழுக்க கார் வருது, சாப்பாட்டுக்குன்னே வண்டிய திருப்புற ஊரு அது, மெஸ் நல்லா இருந்தா ரூம் காலியா கெடந்தாலும் சம்பளத்துக்கு வழி இருக்கு. ஆனா நாக்கு தெரிஞ்ச ஆளுங்க நடுவுல கடை போடறீங்க, சுமாரான மாஸ்டர வச்சு ஓட்டவே முடியாது.

இங்க சிக்கல் வேற மாதிரி. ஒரு வீட்டுல பங்காளிங்க எத்தன புள்ளி, அதாவது எத்தன குடும்பம், இருக்காங்கன்னு விக்கிறவருக்கே சரியா தெரியாது, ஒருத்தர் சென்னைல, ஒருத்தர் மலேசியால, கையெழுத்து வாங்கறதுக்குள்ள உங்க பேங்க் லோன் அப்ரூவல் காலாவதி ஆயிடும். ஈசி, அதான் வில்லங்கச் சான்று, சுத்தமா இருந்தாலும் நம்ப முடியாது, பாகம் பிரிக்காத வீடுன்னா யாருக்கெல்லாம் பங்கு இருக்குன்னு ஈசில தெரியாது. அப்புறம் ஓடு மாத்தணும், ரூமுக்கு ரூம் பாத்ரூம் வைக்கணும், சுண்ணாம்புச் சுவத்த உடைக்காம பைப் கொண்டு போற கொத்தனார் கெடைக்கறது லேசுல இல்ல.

குற்றாலத்தையும் சிலர் சொல்வாங்க. ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் சாரல், கார்த்திகை மார்கழில ஐயப்பன் சாமிங்க, அவ்ளோதான். தண்ணி கொட்டோகொட்டுனு கொட்டினா குளிக்கத் தடை, கொட்டலன்னா ஆளே வரமாட்டான். செங்கோட்டை ரோட்டுல பரோட்டா கடை மட்டும் போடறதா இருந்தா யோசிக்கலாம், ரூம் வேணாம்.

ஜிஎஸ்டி எங்கேயும் ஒண்ணுதான், 7500 ரூபாய்க்குள்ள ரூமுக்கும் மெஸ்ஸுக்கும் 5 சதவீதம். எங்க பாத்தாலும் விக்கிறவர்கிட்ட போன வருஷ கமர்ஷியல் சிலிண்டர் பில்லும் இபி பில்லும் கேளுங்க. சீசன் இல்லாத மாசத்துல எத்தன சிலிண்டர் எறக்கினார்னு பாத்தாலே வியாபாரம் எப்படின்னு தெரிஞ்சிடும், ஆன்லைன்ல இருக்கற ஸ்டார எண்ணிட்டு இருக்க வேணாம்.

என் ஓட்டு செட்டிநாட்டுக்கு, ஆனா வாங்கறதுக்கு இல்ல, லீஸுக்கு. வாங்கினா முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2னு 9 சதவீதம் மொதல்லயே போயிடும், அந்தக் காசுல கிச்சனே போட்டுடலாம். எல்லா பங்காளியும் கையெழுத்து போட்டு, ரிஜிஸ்டர் பண்ணி, பத்து வருஷத்துக்குக் கேளுங்க. பதினோரு மாச அக்ரிமெண்ட் நீட்டினா கெளம்பிடுங்க, நீங்க பாத்ரூம் கட்டி முடிச்ச அடுத்த மாசமே வாடகைய ஏத்துவாங்க.