மேல்சேறா, அடிக்களியா? ஏரி வண்டல் எடுக்க எந்தக் கருவி

ஏரியின் பழைய வரலாற்றைப் படிக்க, அதன் அடியில் ஆண்டாண்டாகப் படியும் வண்டலை, அடுக்கு கலையாமல் ஒரு தண்டாக உருவி எடுப்பதுதான் வேலை. ஆய்வகங்களில் அந்தத் தண்டைக் கோர் என்பார்கள், எடுக்கும் கருவியைக் கோரர் என்பார்கள். கேட்பதற்கு எளிது. ஆனால் மேலே உள்ள சில சென்டிமீட்டர் மண்ணே அல்ல. பல ஏரிகளில் அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். கீழே போகப் போக இறுகிக் களிமண்ணாகிவிடும். மேலே கஞ்சி, கீழே களி. கஞ்சியைச் சிந்தாமல் எடுக்கும் கருவியால் களியைத் துளைக்க முடியாது. கருவிகளுக்குள் இருக்கும் போட்டியெல்லாம் இதில்தான்.

கஞ்சிக்குக் கிராவிட்டி கோரர். கயிற்றில் தொங்கும் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாய், மேலே எடை, மேல்வாயை மூட ஓர் அடைப்பு. தன் எடையாலேயே சேற்றில் இறங்கும். பிறகு வாய் அடைபட்டு, உறிஞ்சு விசையில் சேறு உள்ளேயே நிற்கும். ஒரு சின்னப் படகு, இரண்டு பேர் போதும். ஆனால் அரை மீட்டர், அதிகம் போனால் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் கிடைக்கும். கயிற்றைச் சடாரென்று விட்டால் குழாய்க்கு முன்னால் ஓடும் நீரலையே மேல்சேற்றை ஒதுக்கித் தள்ளிவிடும். கடைசி ஒரு மீட்டரை மெதுவாக, மிக மெதுவாக இறக்க வேண்டும். இன்னொரு குறையும் உண்டு: குழாயின் உள்சுவர் உராய்வால், குழாய் இறங்கிய ஆழத்துக்குச் சமமாகச் சேறு உள்ளே ஏறாது. கீழடுக்குகள் மெலிந்து போகும்.

ஏரிகளில் இந்த உராய்வுக்கு எளிய வழி தந்தவர் அமெரிக்க விலங்கியலாளர் டேனியல் லிவிங்ஸ்டன். 1955-இல் அவர் வெளியிட்ட பிஸ்டன் கோரர்தான் இன்றும் பலர் நம்பி எடுத்துச் செல்வது. ஊசி போடும் சிரிஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் குழாயின் கீழ்வாயை அடைத்தபடியே வேண்டிய ஆழம் வரை போகும். அங்கே பிஸ்டனின் கம்பியை மேலே தெப்பத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு, குழாயை மட்டும் தண்டுகளால் ஒரு மீட்டர் அழுத்துவார்கள். பிஸ்டன் நின்ற இடத்திலேயே நிற்பதால் உண்டாகும் வெற்றிடம், சேற்றைக் குழாய்க்குள் தாங்கிப் பிடிக்கும். எடுத்து, வெளியே தள்ளி, பொதிந்துவிட்டு, அதே துளையில் அடுத்த மீட்டர். இப்படியே பல மீட்டர் போகலாம். தண்ணீர் ஆழமானால் தண்டுகள் வளையும், அதற்கென்று தனி உறைக்குழாய் வேண்டும். தெப்பம் அசையவே கூடாது. குளிர்மிகுந்த அமெரிக்க மாநிலமான மினசோட்டாவின் ஆய்வாளர்கள் உறைந்த ஏரியின் மேல் நின்றே இதைச் செய்கிறார்கள். நமக்கு நங்கூரம்தான் கதி!

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு மீட்டர் முடிந்து அடுத்தது தொடங்கும் இணைப்பில் சேறு விடுபடும், கலையும். ஜப்பானின் சுய்கெட்சு ஏரியில் 1993-இல் ஒரே துளையில் எடுத்த கோர் இப்படித்தான் காலை வாரியது. அது கையால் தள்ளியதல்ல, இயந்திரத்தால் துளைத்தது. இருந்தும் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்ததில், ஆண்டுக்கு ஒன்றாகப் படிந்த அடுக்குகளை எண்ணும் கணக்கு உதைத்தது. 2006-இல் நான்கு துளைகள் போட்டு, ஒன்றில் விட்டதை மற்றதில் பிடித்து, சுமார் 73 மீட்டருக்குத் தொடர்ச்சியாக ஒட்டினார்கள். ஆகவே லிவிங்ஸ்டன் கோரர் கொண்டுபோகிறவர் பக்கத்திலேயே இன்னொரு துளையை அரை மீட்டர் ஆழம் தள்ளித் தொடங்குவது கட்டாயம்.

ரஷ்யன் கோரரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அழுத்தி, அரை வட்டம் திருகினால் பக்கவாட்டில் அரை உருளையாக வெட்டி மூடிக்கொள்ளும். அமுக்கம் இல்லை, துண்டு சுத்தமாக வரும். செடிகள் மட்கிய சதுப்புக்கு அருமை. கஞ்சிச் சேற்றுக்கும் மணலுக்கும் உதவாது.

என் மனதுக்குப் பிடித்தது உறைய வைக்கும் முறை. உள்ளீடற்ற ஓர் உலோக ஆப்பில் உலர்பனிக்கட்டியும் (உறைந்த கரியமில வாயு) ஆல்கஹாலும் நிரப்பிச் சேற்றில் இறக்கினால், சேறு அதன் வெளிப்பக்கத்தில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். கஞ்சி நிலை அடுக்கும் ஒரு கோடு பிசகாமல் வரும். கனடாவின் கிராஃபோர்டு ஏரியில் இப்படி எடுத்த கோர்களில் வெள்ளையும் கறுப்புமாக ஆண்டு வரிகள், நடுவே 1950-களின் அணுகுண்டுச் சோதனைப் புளூட்டோனியம். மனிதயுகத்தின், அதாவது மனிதர்களால் பூமியே மாறிய காலத்தின், தொடக்கத்துக்கு அடையாளமாக 2023-இல் அந்த ஏரி முன்மொழியப்பட்டது. 2024-இல் நிராகரிக்கப்பட்டது வேறு கதை. தொல்லை என்னவென்றால், உலர்பனி காத்திருக்காது, ஆவியாகிக்கொண்டே இருக்கும். விமானத்தில் ஆளுக்கு இரண்டரை கிலோதான் அனுமதி. வெயில் ஊரில் ஏரிக்கரை வரை கொண்டுசேர்ப்பதே பெரும்பாடு.

நம்மூர் ஏரிகளுக்கு? கோடையில் வற்றி வெடிக்கும் ஏரியில் எந்தக் கோரரும் வேண்டாம், மண்வெட்டியால் குழி வெட்டிப் பக்கச் சுவரைப் பார்த்தாலே போதும். அதற்கும் முன்னால், வயலுக்கு வண்டல் அள்ளிய இடமா என்று ஊரில் விசாரியுங்கள். அள்ளியிருந்தால் மேலடுக்குகள் என்றைக்கோ வயலுக்குப் போயிருக்கும்.

வற்றாத ஏரி, ஒரே கருவிக்குத்தான் காசு என்றால் நான் கிராவிட்டி கோரரையே வாங்குவேன். சேற்றில் படியும் கதிரியக்க ஈயமான ஈயம்-210-இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 22 ஆண்டுகள். அதை வைத்துக் காலம் கணிக்க முடிகிற கடந்த 100, 150 ஆண்டுகள் பெரும்பாலும் அந்த அரை மீட்டருக்குள் அடங்கிவிடும். குழந்தைகள் டயபரில் இருக்கும் நீருறிஞ்சும் பொடி கொஞ்சம் கையில் இருக்கட்டும். மேலே நிற்கும் தண்ணீரில் தூவினால் அது கூழாக இறுகி, ஜீப் குலுக்கலில் கஞ்சி கலங்காமல் காக்கும். அப்புறமும் குழாயை நிறுத்தியபடிதான் கொண்டுபோக வேண்டும்.