ஆன்கியும் தாய்லாந்து மொழியும்: மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கல்லூரி முதலாம் ஆண்டில் போனில் ஏற்றிய செயலிகளில் இன்றைக்கும் தினமும் திறப்பது ஆன்கி ஒன்றைத்தான். இப்போது இறுதியாண்டு. இதை வைத்துத் தாய்லாந்து மொழி படிக்கிறேன். அந்த ஊர்ச் சாப்பாட்டின் மேல் இருந்த ஆசையில் தொடங்கிய படிப்பு, அப்புறம் மொழியே பிடித்துப்போனது. ஜப்பானிய மொழியும் கொரிய மொழியும் படிக்கிறவர்களுக்கு வழிகாட்ட நம்மூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தாய்லாந்து மொழிக்கு அப்படி இல்லை. நான் தொடங்கிய சமயத்தில் டூவோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலியில் அதற்குப் பாடமே கிடையாது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: ஆன்கி ஒரு ஃபிளாஷ் கார்டு செயலி, டேமியன் எல்ம்ஸ் உருவாக்கி 2006இல் வெளிவந்தது. கேள்வியைப் பார்க்கிறோம், மனதில் பதில் சொல்கிறோம், கார்டைத் திருப்பிப் பார்த்து நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்துகிறோம். நன்றாகத் தெரிந்த சொல் சில நாள் கழித்து, பிறகு சில வாரம், பிறகு சில மாதம் கழித்து வரும். மறந்த சொல் உடனே திரும்பி வரும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் ஒரு முறை பணம் கட்டி வாங்க வேண்டும், மாணவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. என்னுடையது ஆண்ட்ராய்டு, இதுவரை ஒரு ரூபாய்கூடச் செலவு இல்லை.

முதலில் எழுத்து. தாய் (தாய்லாந்து மொழியின் பெயர்) நெடுங்கணக்கில் 44 மெய்யெழுத்துகள், அதில் இரண்டு வழக்கொழிந்துவிட்டன. கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் தமிழ் படித்தவர்களுக்கு இங்கே பெரிய வசதி இருக்கிறது. எழுத்துகள் க, ச, ட, த, ப என்ற நமக்குப் பழகிய வரிசையில்தான் வருகின்றன. பல்லவ எழுத்திலிருந்து கெமர் எழுத்து, கெமரிலிருந்து தாய் எழுத்து என்று வந்த பரம்பரை அது. 'கெ', 'கை' எழுதும்போது கொம்பையும் சங்கிலிக் கொம்பையும் மெய்க்கு முன்னால் போட்டு, பின்னால் உச்சரிக்கிறோம் இல்லையா, அதேதான் அங்கேயும். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் திணறுவார்கள், நமக்கு அதில் விளக்கமே தேவையில்லை. எழுத்துக் கார்டுகளை ஒரு செமஸ்டர் விடுமுறையில் முடித்துவிடலாம். மெய்கள் மூன்று வகுப்பாகப் பிரிந்திருக்கின்றன, சொல்லின் தொனி (குரலின் ஏற்ற இறக்கம்) அந்த வகுப்பைப் பொறுத்து மாறும். கார்டில் வகுப்புக்கு ஒரு நிறம் கொடுத்து வைத்தேன், நிறம் நினைவுக்கு வந்தால் தொனியும் வந்துவிடுகிறது.

தொனிதான் உண்மையான சிரமம். தாயில் ஐந்து தொனிகள். 'அருகில்', 'தொலைவில்' இரண்டுக்கும் சொல் ஏறக்குறைய 'க்லை'தான். குரலை மேலிருந்து இறக்கினால் அருகில், சமமாக விட்டால் தொலைவில். வழி கேட்கும்போது இந்த வேறுபாடு காதில் பிடிபடவில்லை என்றால் பதில் கிடைத்தும் பயனில்லை. எழுத்து மட்டும் உள்ள கார்டு இதற்கு உதவவே உதவாது. ஆன்கியில் கார்டு டெம்ப்ளேட்டில் (கார்டின் அமைப்பு மாதிரியில்) ஒரு வரி சேர்த்தால் போனில் இருக்கும் தாய்லாந்து மொழிக் குரல் அந்தச் சொல்லை வாசித்துக் காட்டும். நான் ஒரு படி மேலே போய், முன்பக்கம் ஒலி மட்டும், பின்பக்கம் எழுத்தும் பொருளும் என்று தனியாக ஒரு கார்டு வகை வைத்திருக்கிறேன். கோழிக்கும் முட்டைக்கும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'கை'தான், தொனியும் ஒன்றே. முட்டைக்கு மட்டும் 'க'வில் மூச்சுக்காற்று சேர்ந்து வெளிவர வேண்டும். தமிழ்க் காதுக்கு அந்தக் காற்று முதலில் கேட்காது. ஒலிக் கார்டுகளைச் சில மாதம் கேட்ட பிறகு தானாகவே பிரிந்து கேட்கத் தொடங்கியது. இதற்காகவே ஆன்கிக்கு நூற்றுக்கு நூறு கொடுப்பேன்.

இனி முக்கியமான விஷயம். மற்றவர்கள் செய்து பகிர்ந்த டெக்குகள் (கார்டுத் தொகுப்புகள்) இலவசமாகக் கிடைக்கும், ஆயிரக்கணக்கான சொற்கள் இருக்கும். எடுத்துப் பார்க்கலாம், ஆனால் அதிலேயே தங்கிவிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 'காரம் குறைவாக' வருவதற்கு முன்னாலேயே 'பொருளாதாரம்' வந்து நிற்கும். நமக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒரு தொடர்பும் இருக்காது, மறுவாரம் மறந்துபோகும். நாமே செய்யும் கார்டு அப்படி மறப்பதில்லை. என் டெக்கில் பாதிக்கு மேல் உணவக மெனு, தள்ளுவண்டிப் பலகை, மசாலாப் பொட்டலம் ஆகியவற்றின் படங்களிலிருந்து செய்தவை.

பாட் க்ரபாவ் என்ற ஒரு தட்டிலிருந்து எத்தனை கார்டு கிடைக்கும் என்று பாருங்கள். பூண்டையும் சின்ன மிளகாயையும் இடித்து எண்ணெயில் போட்டு, கொத்திய இறைச்சியை வதக்கி, மீன் சாஸ் ஊற்றி, கடைசியில் ஒரு கைப்பிடி க்ரபாவ் இலையைப் போட்டுப் பிரட்டுவார்கள். சோற்றின் மேல் வைத்து, ஓரம் மொறுமொறுவென்று பொரித்த முட்டை ஒன்று. அந்த க்ரபாவ் வேறொன்றுமில்லை, நம்ம துளசியின் இனமேதான். பெருமாள் கோயிலில் தீர்த்தத்தோடு கொடுக்கும் இலை அங்கே சூடான வாணலியில் விழுகிறது, அந்த வாசனையை ஒரு முறை முகர்ந்தால் போதும். இலை, இடிப்பது, வதக்குவது, பொரித்த முட்டை, 'மேலே போடுங்கள்', 'பார்சல்' என்று எல்லாவற்றையும் இந்த ஒரு தட்டை வைத்தே படித்தேன். மூன்று வருடத்தில் இவற்றில் எதுவும் மறக்கவில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் இரண்டு கார்டு செய்துகொள்ளுங்கள். 'ஜே' என்பது சீன வழி வந்த கடும் சைவம். முட்டை, பால், மீன் சாஸ், பூண்டு, வெங்காயம் எதுவும் சேராது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தோடு கடை வாசலில் தொங்கும். 'மங்சவிரத்' என்பது பொதுவான சைவம், அதில் முட்டை இருக்கலாம். கூட வந்த சைவத் தோழி பாங்காக்கில் அந்த மஞ்சள் கொடியைத் தேடித்தான் தைரியமாகச் சாப்பிட்டாள்.

சென்னையிலிருந்து பாங்காக் மூன்றரை மணி நேரப் பயணம்தான். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் நண்பர்களோடு போனோம். ஒரு சந்தில் சோம் தம் என்ற பப்பாளிக்காய் சாலட் இடிக்கும் அக்கா, மண் உரலுக்கு மேல் மிளகாயைப் பிடித்தபடி "மிளகாய் எத்தனை?" என்று கேட்டார். "இரண்டு" என்றேன். ஊறவைத்த மீன் சாறு சேர்க்கட்டுமா என்று அடுத்த கேள்வி. அதுவும் புரிந்தது, வேண்டாம் என்றேன். பப்பாளிக்காய்த் துருவலும் காராமணியும் விழ, மர உலக்கை தட்டத் தொடங்கியது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த மதிப்பெண்ணும் தந்ததில்லை. ஒலிக் கார்டுகளின் பலன் அது. பேசுவதில் ஆன்கியின் எல்லையும் அங்கேதான் தெரிந்தது. காதில் விழுவது புரிகிறது, ஆனால் முழு வாக்கியமாகப் பதில் சொல்ல நேரம் பிடிக்கிறது. மறதியைத் தடுப்பதுதான் இந்தச் செயலியின் வேலை, பேச வைப்பது மனிதர்கள் மட்டுமே. திரும்பி வந்ததும் தமிழ் வாக்கியத்தைப் பார்த்துத் தாயில் உரக்கச் சொல்லும் கார்டுகளைச் சேர்த்தேன், கூடவே இணையவழியில் வாரம் ஒரு முறை பேச்சுப் பயிற்சியும்.

இன்னொன்று, எழுத்துரு. பாடப்புத்தகத் தாய் எழுத்தில் சின்னச் சின்ன வளையங்கள் இருக்கும். விளம்பரப் பலகையிலும் புதுக் கடை மெனுவிலும் வளையமே இருக்காது, சில எழுத்துகள் ஆங்கில எழுத்து மாதிரியே தெரியும். சியாங் மாய் நகரில் காவ் சோய் என்ற நூடுல்ஸ் கடை ஒன்றின் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கவே நேரமானது. வளையமில்லாத எழுத்துரு ஒன்றை இறக்கி, கோப்புப் பெயரின் முதலில் அடிக்கோடு சேர்த்து, ஆன்கியின் மீடியா கோப்புறையில் போடுங்கள். அடிக்கோடு இருந்தால் பயன்படாத கோப்பு என்று செயலி அதை நீக்காது. அப்புறம் ஒரே சொல்லை இரண்டு வடிவத்திலும் காட்டலாம். தாய் படிக்கிறவர்கள் முதல் மாதமே இதைச் செய்துவிடுவது நல்லது.

குறைகள் உண்டு. அமைப்புகள் பக்கம் புதியவர்களை மிரட்டும். ஒரு நாளைக்கு 20 புதிய கார்டு என்பது இயல்பு அமைப்பு, கல்லூரிப் படிப்போடு அது கட்டுப்படியாகாது. ஏழெட்டு போதும், தேர்வுக் காலத்தில் பூஜ்யம் என்று வைத்துவிட்டுப் பழையதை மட்டும் பார்க்கலாம். இரண்டு வாரம் திறக்காமல் விட்டால் கார்டுகள் நூற்றுக்கணக்கில் குவிந்து நிற்கும். 2023இல் சேர்ந்த எஃப்எஸ்ஆர்எஸ் என்ற, கார்டு எப்போது திரும்ப வர வேண்டும் என்று கணிக்கும் புதிய முறையை இயக்கிய பிறகு எனக்குத் தினசரிச் சுமை குறைந்திருக்கிறது. எட்டு முறை தவறிய கார்டை ஆன்கி தானாக நிறுத்திவைக்கும்படி அமைக்கலாம். அப்படி நின்றதைத் திரும்ப எழுப்பாமல், அந்தச் சொல்லுக்கு வேறு படமோ வாக்கியமோ வைத்துப் புதிதாகச் செய்கிறேன்.

அடுத்து லாவோஸ் நாட்டின் மொழியான லாவோ. சோம் தம்மின் பூர்வீகம் அந்தப் பக்கம்தான், எழுத்தும் தாய்க்கு நெருங்கிய உறவு. 2024 முதல் பாங்காக்கிலிருந்து லாவோஸ் தலைநகர் வியஞ்சானுக்கு நேரடி ரயிலும் ஓடுகிறது. தனி டெக் திறக்கவில்லை; இருக்கும் உணவுக் கார்டுகளிலேயே லாவோவுக்கு ஒரு கட்டம் சேர்த்து, காய்கறிப் பெயர்களிலிருந்து நிரப்பிக்கொண்டு வருகிறேன்.