ஒளிரும் ஆடை கிட் வாங்கப் போகிறீர்களா? நூலையும் சார்ஜரையும் முதலில் சோதியுங்கள்

துணியில் எல்இடி விளக்குகளை நாமே தைத்துக்கொள்ளும் கிட்கள் பள்ளி ஆண்டு விழா சமயத்தில் ஆன்லைனில் நிறைய விற்கின்றன. என் மகளின் நடன உடைக்காக அப்படி ஒன்றை 2,400 ரூபாய்க்கு வாங்கினோம். இரண்டு விதமாக ஏமாற்றியிருக்கிறார்கள். இரண்டாவது உயிரோடு விளையாடுகிற விஷயம்.

முதலில் நூல். வயருக்குப் பதிலாக விளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோக வேண்டியது இதுதான். பாக்கெட்டில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மின்கடத்தும் நூல்' என்று அச்சிட்டிருந்தார்கள். பாவாடைக் கரையில் படத்தில் உள்ளபடியே தைத்தும் ஒரு விளக்கும் எரியவில்லை. மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரில் வைத்தால் நூலில் மின்சாரமே போகவில்லை. நல்ல ஸ்டீல் நூல் அடிக்கு 10, 20 ஓம் அளவில்தான் மின்தடை காட்டும். ஒரு துண்டைத் தீயில் காட்டினேன். உருகிச் சுருண்டு கறுப்பு மணியாகிவிட்டது. ஸ்டீல் இழை அப்படி உருகாது, சிவந்து நிற்கும். வந்திருந்தது எம்பிராய்டரிக்கு வாங்கும் சாதாரண ஜரிகை நூல். உள்ளே பாலியஸ்டர், மேலே உலோகப் பூச்சு, அதற்கும் மேலே மின்சாரத்தைத் தடுக்கும் ஒரு படலம்.

நூல் மட்டும் என்றால் பணம் போச்சு என்று விட்டிருப்பேன். கூடவே வந்த பேட்டரி 150 எம்ஏஎச் (பேட்டரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) லித்தியம் பாலிமர், தீப்பெட்டியை விடச் சிறியது. சார்ஜ் போட்டுக் கொஞ்ச நேரத்தில் தொட முடியாத சூடு, உறை உப்பிவிட்டது. வயரைப் பிடுங்கி, இடுக்கியால் பிடித்து மொட்டைமாடி மணலில் கொண்டுபோய் வைத்தேன். இது குழந்தையின் இடுப்பில் கட்ட வேண்டிய பொருள்!

காரணம் சார்ஜர் போர்டில் இருந்தது. அதில் இருப்பது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டிபி4056 சிப். எவ்வளவு மின்னோட்டம் கொடுப்பது என்பதை அதன் பக்கத்தில் உள்ள ஒரு குட்டி ரெசிஸ்டர்தான் (மின்தடை) முடிவுசெய்கிறது. எங்களுக்கு வந்ததில் 122 என்று எழுதியிருந்தது. அப்படியென்றால் 1.2 கிலோ ஓம், அதாவது 1,000 மில்லியாம்பியர். 150 எம்ஏஎச் பேட்டரிக்கு அதிகபட்சம் 150 மில்லியாம்பியர் போதும். 103 என்று எழுதிய 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தால் 130-தான் போயிருக்கும். சில பைசா பெறும் பாகம்! பெரிய பேட்டரிக்கான போர்டை அப்படியே பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பேட்டரியிலும், ஆபத்து வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சர்க்யூட் இல்லை.

விற்பனையாளரிடம் கேட்டால், "தைத்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது" என்றார். தைக்காமல் எப்படிச் சோதிப்பது? அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். பாதிப் பணம் தருவதாக இறங்கி வந்தார்கள். நான் ஏற்கவில்லை, ஏனென்றால் அதே கிட், அதே படத்தோடு இன்னும் விற்பனையில் இருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லித்தான் புகாரைத் தொடர்கிறேன்.

ஏற்கெனவே இப்படி ஒரு கிட் வாங்கி வைத்திருப்பவர்கள் இன்று சார்ஜ் போடும் முன் அந்த ரெசிஸ்டரில் உள்ள எண்ணைப் பாருங்கள். 122 என்றிருந்தால் சின்ன பேட்டரியை அதில் மாட்டாதீர்கள். பேட்டரி ஏற்கெனவே உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ வேண்டாம், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.