ஈ.எஸ்.ஆர். போதுமா, சி.ஆர்.பி.யும் வேண்டுமா?

முடக்குவாதம் வந்த நாள் முதல் ஊசிக்குக் கை நீட்டியபடியே இருக்கிறேன். உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் இரத்தச் சோதனைகளில் முதலில் ஈ.எஸ்.ஆர். மட்டும் எடுத்தார்கள், பிறகு சி.ஆர்.பி.யும் சேர்ந்தது. ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால் யோசிக்காமல் சி.ஆர்.பி. என்பேன்.

ஆர்.எஃப்., ஆன்ட்டி சி.சி.பி. என்ற இரத்தச் சோதனைகள் இரண்டும் இந்தப் போட்டியில் இல்லை. நோயைக் கண்டறிய உதவுபவை அவை. இந்த மாதம் அது சீறுகிறதா, அடங்கிக் கிடக்கிறதா என்று பார்க்க அவற்றைத் திரும்பத் திரும்ப எடுப்பது வீண் செலவு.

ஈ.எஸ்.ஆர். பழைய, எளிய சோதனை. நிறுத்திவைத்த குழாயில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்று பார்ப்பார்கள். வயது, கர்ப்பம், இரத்தசோகை எல்லாமே அந்த எண்ணை ஏற்றும். இந்த நோயோடு இரத்தசோகையும் பலருக்கு ஒட்டிக்கொண்டு வருவதுதான் சங்கடம். குழாய் கொஞ்சம் சாய்ந்து நின்றாலே எண் கூடிவிடும்!

என்னை சி.ஆர்.பி. பக்கம் சாய்த்தது அதன் வேகம்தான். அழற்சி கிளம்பினால் கல்லீரல் சில மணி நேரத்திலேயே சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்கத் தொடங்கும். அழற்சி தணிந்தால், இரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஈ.எஸ்.ஆரை முக்கியமாக ஏற்றிவிடும் ஃபைப்ரினோஜென் என்ற இரத்தப் புரதம் அவ்வளவு சீக்கிரம் வடியாது. எனக்கு மெத்தோட்ரெக்சேட் மருந்தின் அளவைக் கூட்டிய எட்டாவது வாரம், சட்டைப் பொத்தானைக் காலையில் நானே போட்டுக்கொள்ள முடிந்தது. அன்று சி.ஆர்.பி. 34இலிருந்து 9க்கு வந்திருந்தது. ஈ.எஸ்.ஆரோ 62இலிருந்து 55க்குத்தான் நகர்ந்திருந்தது. அதை மட்டும் நம்பியிருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டியிருப்பேன்.

சி.ஆர்.பி. உத்தமன் அல்ல. சாதாரணத் தொற்று வந்தாலும் ஏறும். மணிக்கட்டு வீங்கியிருக்கும்போதே இயல்பான எண்ணைக் காட்டிய மாதமும் எனக்கு உண்டு. மூட்டைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் விரல்தான் அன்று சரியாகச் சொன்னது. டோசிலிசுமாப் போட்டுக்கொள்பவர்களுக்கு, நோய் அடங்காவிட்டாலும் இரண்டு எண்களும் தாழ்ந்துவிடலாம். அந்த மருந்தை நான் எடுத்ததில்லை. பன்னிரண்டு புரதங்களை அளந்து 1 முதல் 100 வரை மதிப்பெண் தரும் சோதனையையும் செய்துகொண்டதில்லை. அதனால் அதற்குத் தீர்ப்பு எழுதமாட்டேன்.

ஒருமுறை சி.ஆர்.பி. 12இலிருந்து 1.2 ஆனதாகத் துள்ளிக் குதித்தேன். இரண்டும் ஒரே அளவுதான்: முன்னது லிட்டருக்கு மில்லிகிராம், புதிய ஆய்வகம் தந்தது டெசிலிட்டருக்கு. இப்போதெல்லாம் அறிக்கை கைக்கு வந்ததும் அலகைத்தான் முதலில் வட்டமிடுகிறேன்.