பிக்கப் வண்டிக்கு, அதை உயர்த்தும் லிஃப்ட் கிட்டும் பெரிய டயரும் போடப் போகிறவர்களுக்கு: ரூ.1,86,000 இழந்துவிட்டு எழுதுகிறேன்

நேற்று மாலை போடியில் ஒரு மெக்கானிக் என் வண்டியின் முன்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அதன் மேலிருந்த மஞ்சள் பெயின்ட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அடியில் கம்பெனியின் கறுப்புப் பூச்சு தெரிந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த புது ஸ்பிரிங் என்று சொல்லிப் பணம் வாங்கிய கடைக்காரர், வண்டியோடு வந்த பழைய ஸ்பிரிங்குக்கே மஞ்சள் வர்ணம் அடித்துத் திரும்ப மாட்டியிருக்கிறார். அந்த வேலைக்கு என்னிடமிருந்து அவர் வாங்கியது ரூ.1,86,000. இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. இன்னொருவர் அதே கடைக்கோ அதைப் போன்ற வேறொரு கடைக்கோ பணத்தோடு போய் நிற்பதற்குள் நடந்ததை எழுதிவிட வேண்டும் என்று விடிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி 2017-ஆம் ஆண்டு இசுசு வி-கிராஸ். போடிமெட்டுக்கு மேலே, பூப்பாறைக்கு அப்பால் எங்களுக்குச் சிறிய ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலை முடிந்த பிறகு தோட்டம் வரைக்கும் நான்கு கிலோமீட்டர் கல்பாதைதான். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் தண்ணீர் அறுத்துச் சக்கரத் தடங்கள் பள்ளமாகும். நடுவில் கல்மேடு எழும்பி நிற்கும். சென்ற ஆண்டு பின் அச்சின் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் இரண்டு முறை கல்லில் மோதி நசுங்கியது. பறித்த பச்சைக்காயை அன்றைக்கே காய் உலர்த்தும் கூடமான ஸ்டோரில் சேர்த்து உலர்த்தாவிட்டால் நிறம் போய்விடும், நிறம் போன காய்க்கு ஏலத்தில் விலை கிடைக்காது. ஆகவே இந்த ஆண்டு காய் எடுப்புத் தொடங்குவதற்குள் வண்டியை உயர்த்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அது அலங்காரத்துக்காகச் செய்த செலவன்று. தொழிலுக்காகச் செய்த செலவு.

கடையின் பெயரை இப்போது எழுத வேண்டாம் என்று வழக்கறிஞரான உறவினர் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரிலிருந்து நான்கு மணி நேரத் தொலைவில், ஒரு பெரிய நகரத்தின் புறவழிச்சாலையில் இருக்கும் கடை அது. ஜீப்புகளுக்கும் பிக்கப் வண்டிகளுக்கும் ஆஃப்ரோடு சாமான்கள் மாட்டித் தருகிறார்கள். அவர்கள் போட்டிருந்த காணொளிகளைப் பார்த்துத்தான் மே மாதக் கடைசியில் அங்கே போனேன்.

அந்த உரிமையாளரை நான் நம்பிய நேரத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களையும் அப்படித்தான் நம்ப வைப்பார்கள். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். என் வண்டி வந்து நின்றதும், போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். நசுங்கிய இடத்தைத் தடவிக் காட்டி, "அண்ணே, இதோட மலையில ஓட்டியிருக்கீங்களே, எங்க அப்பாவும் விவசாயிதான், எனக்கு இந்தக் கஷ்டம் தெரியும்" என்றார். பிறகு டேப்பை எடுத்து, தரையிலிருந்து முன் சக்கர வளைவு வரை அளந்து, 86 சென்டிமீட்டர் என்று என் கண்ணெதிரே சுண்ணக்கட்டியால் டயரில் எழுதினார். நான் இன்னும் பெரிய 285 அளவு டயரைக் கேட்டபோது அவர் கொடுத்த பதில்தான் என்னை முழுவதுமாக விழ வைத்தது. "வேண்டாம் அண்ணே, அது உரசும், உங்க காசும் வீணாப் போகும், 265/75 ஆர்16 போதும்" என்றார். விலை அதிகமான பொருளைத் தானாகவே வேண்டாம் என்கிற வியாபாரி ஏமாற்ற மாட்டார் என்று நினைத்தேன். அவரைப் பற்றி வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை.

முன்பக்கத்துக்குப் புது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும், பின்பக்கத்துக்குப் புதுப் பட்டை ஸ்பிரிங்கும் அடங்கிய இரண்டு அங்குல லிஃப்ட் கிட் ரூ.98,000, ஐந்து டயர்கள் ரூ.70,000, மாட்டுக்கூலியும் அலைன்மென்ட்டும் ரூ.18,000 என்று வாயால் கணக்குச் சொன்னார். ரூ.50,000 முன்பணம் கைப்பேசி வழியாக அனுப்பினேன். பில் போட்டால் ஜிஎஸ்டி சேர்ந்து தொகை ஏறிவிடும் என்று அவர் சொன்னதால், மீதி ரூ.1,36,000-த்தை வேலை முடிந்த அன்று ரொக்கமாகக் கொடுத்தேன். அதற்கு ஒப்புக்கொண்டது என் தவறு. என்னிடம் இருப்பது "லிஃப்ட் கிட் + டயர் செட்" என்று பேனாவால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு மட்டும்தான்.

வேலை நடக்கும் இடத்தில் வாடிக்கையாளர்கள் நிற்கக் கூடாது என்று சொல்லி என்னை லாட்ஜுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மாலை போனபோது வண்டி கம்பீரமாக உயர்ந்து நின்றது. அதே டேப்பை வைத்து அளந்து காட்டினார்: 94 சென்டிமீட்டர். எட்டு சென்டிமீட்டர் ஏறியிருந்தது. டேப் உயரத்தைச் சொல்லும், அந்த உயரம் எதனால் வந்தது என்பதை அதால் சொல்ல முடியாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதல் பயணத்திலேயே போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போதெல்லாம் டயர் உரசியது. முன் சக்கரத்துக்குள்ளிருந்து டக் டக் என்ற ஓசையும் வந்தது. கூப்பிட்டேன். "புது ஸ்பிரிங் அண்ணே, ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா தானா உட்கார்ந்துரும்" என்றார். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் வண்டி இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. மறுபடியும் கூப்பிட்டேன். அலைன்மென்ட்டை வெளியே ஒரு கடையில்தான் செய்தோம், தவறு அவர்களுடையது என்றார். மூன்றாவது முறை எடுத்தவர் கடைப் பையன். முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்றான். நான்காவது முறை முதலாளியே எடுத்தார். அதுவரை அண்ணே என்று அழைத்தவர் அன்றைக்குத்தான் முதன்முதலாக என்னை "சார்" என்றார். "சார், பில் இருந்தா வாட்ஸாப்புல அனுப்புங்க, பார்க்கலாம்." பில் கொடுக்காதவரே பில் கேட்டார்.

மழையைப் பாராமல் நான்கு மணி நேரம் ஓட்டிக்கொண்டு நேரில் போனேன். வெளியே நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு வந்தவர் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மலைப்பாதையில் பாரம் ஏற்றி ஓட்டினால் இப்படித்தான் ஆகும் என்றார். மலைப்பாதையில் பாரம் ஏற்றி ஓட்டுவதற்காகத்தானே இதை வாங்கினேன், நீங்களே அதைச் சொல்லித்தானே விற்றீர்கள் என்று கேட்டேன். கடையில் வேறு ஏதாவது சாமான் எடுத்துக்கொண்டால் ரூ.10,000 குறைத்துத் தருவதாகச் சொன்னார். என்னிடம் வாங்கியது ரூ.1,86,000! அதற்கு மாற்றாக இன்னொரு சாமானை என் தலையில் கட்டப் பார்த்தார். அன்று மாலையிலிருந்து என் எண்ணிலிருந்து போகும் எந்த அழைப்பும் அவருக்குப் போவதில்லை.

நேற்று போடியில் கழற்றியபோது தெரிந்தவை இவை. முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலையில் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான கனத்தில் ஓர் அலுமினிய வட்டை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். இந்த வகை சஸ்பென்ஷனில் ஸ்ட்ரட், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் நடுப்பகுதியில் பிடித்திருப்பதால், அங்கே வைக்கும் கனத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம் சக்கரப் பக்கம் கிடைக்கும். ஆகவே டேப்பில் ஏறிய எட்டு சென்டிமீட்டரில், பெரிய டயரால் வந்தது போக மீதி ஐந்து சென்டிமீட்டரைக் காட்டச் சிறிய வட்டே போதும். ஆனால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் பழையவைதான். முன் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்சில்கள் அவற்றுக்குரிய கோணத்தைத் தாண்டிச் சாய்ந்து, வலப்பக்க ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் முழுவதும் வெளியே தெறித்து, உள்ளே சேறு புகுந்திருக்கிறது. டக் டக் என்ற ஓசை அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அதை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டச் சொன்னார் அந்த மனிதர்.

பின்பக்கத்திலும் புதுப் பட்டை எதுவும் இல்லை. பழைய பட்டைக் கட்டுக்கும் அச்சுக்கும் நடுவில் ஓர் இரும்புக் கட்டையைச் சொருகி, நீளமான யூ போல்ட்டுகளால் இறுக்கியிருக்கிறார்கள். அவற்றில் இரண்டு கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. புது யூ போல்ட் போட்டால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் முடுக்கியே ஆக வேண்டுமாம். இதை ஒரு வார்த்தை எனக்குச் சொல்லவில்லை. அந்த நிலையில் எட்டு மூட்டைப் பச்சைக்காயும் மூன்று தொழிலாளர்களும் ஏறிய வண்டியை நான் மலை இறக்கியிருக்கிறேன். பணம் போனதைக் காட்டிலும் இதை நினைக்கும்போதுதான் உடம்பு நடுங்குகிறது.

டயருக்கு வருகிறேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. என் டயர்களில் இருந்தது 3619, அதாவது 2019-ஆம் ஆண்டின் 36-ஆவது வாரம். புதிது என்று ரூ.14,000 வீதம் விற்ற டயருக்கு ஏறக்குறைய ஆறு வயது. பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். நான்கு சக்கரத்திலும் அந்தப் பக்கத்தை உள்ளே தள்ளி மாட்டியிருக்கிறார்கள். நான்கும் தற்செயலாக உள்ளே போயிருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஐந்துக்குப் பணம் வாங்கிவிட்டு ஸ்டெப்னியில் பழைய 245/70 டயரையே விட்டுவிட்டார்கள். பழைய டயரின் விட்டம் சுமார் 749 மில்லிமீட்டர், புதியது 804. நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டுக்கொண்டு தோட்டப் பாதையில் ஏறும்போது ஒரு சக்கரத்தில் மட்டும் அந்தச் சிறிய டயர் சுற்றினால் டிஃபரன்ஷியலும், முன் பின் அச்சுகளுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் என்னவாகும்? டயர் உரசுவதைக் குறைக்க உள்ளே இருந்த பிளாஸ்டிக் மறைப்பையும் என்னிடம் கேட்காமல் வெட்டி எறிந்திருக்கிறார்கள். விட்டம் ஏழு விழுக்காடு கூடியதால் வேகமானி 60 காட்டும்போது வண்டி 64-இல் போகிறது என்பதையும் சொல்லவில்லை.

இவ்வளவும் ஒரு பக்கம் இருக்க, போடி மெக்கானிக் சொன்ன இன்னொன்று என்னை வாயடைக்க வைத்தது. என் குறை பின் அச்சு கல்லில் தட்டுகிறது என்பது. இந்த வண்டியின் பின் அச்சு ஒரே முழு அச்சு. ஸ்பிரிங்குக்கும் சேசிஸுக்கும் எத்தனை அங்குலம் லிஃப்ட் கொடுத்தாலும் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும், பாடிதான் மேலே போகும். அச்சை உயர்த்துவது டயர் ஒன்றுதான், அதுவும் விட்டம் கூடியதில் பாதி அளவு, அதாவது இரண்டே முக்கால் சென்டிமீட்டர். வண்டிக்கு அடியில் படுத்து அந்த நசுங்கலைத் தடவிப் பார்த்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. என் தேவைக்கு நல்ல டயரும், டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஒரு காப்புத் தகடும் போதுமாக இருந்திருக்கும். அவர் கிட்டை விற்றார். அந்தக் கிட்டையும் மாட்டவில்லை.

மீண்டும் பழையபடி ஆக்க, ஆக்சில் பூட், யூ போல்ட், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து ரூ.23,000 ஆகும் என்கிறார்கள். அது அந்த ரூ.1,86,000-க்கு மேல்.

எச்சரிக்கையாக நிறைய எழுத நினைத்தேன், மெக்கானிக் கடைக்கு இப்போது போக வேண்டியிருப்பதால் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். புது ஸ்பிரிங் மாட்டினால் பழைய ஸ்பிரிங் மிஞ்ச வேண்டும். அதை உங்கள் வண்டியில் ஏற்றித் தரச் சொல்லுங்கள், தராவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். கிட் வந்த பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். டயரை மாட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் திருப்பித் தேதியைப் பாருங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் 182ஏ பிரிவில் இருக்கின்றன, அவை கடைக்காரருக்கன்று, உரிமையாளருக்கு. "ஆர்டிஓ-வில் யாரும் கேட்க மாட்டாங்க" என்று எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்வார்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் மாவட்ட ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை, கடை இருக்கும் ஊருக்குப் போகாமல் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். துண்டுச் சீட்டு, ரூ.50,000 அனுப்பிய பதிவு, மஞ்சள் பெயின்ட் சுரண்டிய ஸ்பிரிங், அலுமினிய வட்டு, டயர்த் தேதியின் படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை தேனியில் கொடுக்கிறேன்.