போர்ட்டோவின் இரண்டு உச்சங்கள்: 2003-04, 2010-11 சீசன்கள் ஓர் ஒப்பீடு

போர்ச்சுகலின் போர்ட்டோ கால்பந்துக் கழகத்தின் மிகச் சிறந்த சீசன் எது என்று கேட்டால், பெரும்பாலானோர் யோசிக்காமல் 2003-04 என்று சொல்லிவிடுவார்கள். ஐரோப்பியக் கால்பந்தைப் புதிதாகப் பின்தொடரத் தொடங்கியிருக்கும் என் அக்கா மகன், ஒரே ஒரு சீசனை முழுதாகப் பார்த்து இந்த அணியைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் எதைப் பார்ப்பது என்று கேட்டபோது, எனக்கும் முதலில் வாயில் வந்தது அதுதான். ஆனால் பரிந்துரைப்பதற்கு முன் கிடைத்த ஆட்டப் பதிவுகளையும் புள்ளிப்பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் 2010-11 சீசனையே அவனிடம் சொன்னேன். அந்த முடிவுக்கான காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன். நடுநிலை வகிப்பதாகப் பாவனை செய்யப் போவதில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். 2004இல் ஜோசே மொரின்யோவின் அணி வென்றது ஐரோப்பியக் கழகங்களின் மிக உயர்ந்த போட்டியான சாம்பியன்ஸ் லீக். 2011இல் ஆந்த்ரே வில்லாஸ் போவாஸின் அணி வென்றது அதற்கு ஒரு படி கீழே உள்ள யூரோப்பா லீக். கோப்பையின் பெருமையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் பேச்சு இத்துடன் முடிந்துவிடும். இரண்டு சீசன்களிலும் அணி போர்ச்சுகல் லீக் பட்டத்தை வென்றது, இரண்டிலும் ஐரோப்பியக் கோப்பை ஒன்று ஊருக்கு வந்தது, இரண்டின் முடிவிலும் பயிற்சியாளர் இங்கிலாந்தின் செல்சி அணிக்குப் போனார். மொரின்யோவின் காலத்தில் எதிரணிகளை நோட்டம் பார்த்து அறிக்கை தயாரிக்கும் வேலையில் இருந்தவர்தான் வில்லாஸ் போவாஸ் என்பதால், இரண்டாவது சீசனை முதலாவதன் நிழல் என்று எழுதுவோரும் உண்டு. அந்த முடிவு அவசரமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

2003-04இன் ஐரோப்பியப் பயணம் அழகானது. ரியல் மாட்ரிட், மார்செய், பார்ட்டிசான் ஆகிய அணிகள் இருந்த குழுவில் இரண்டாவதாக வந்து, மான்செஸ்டர் யுனைடெட், லியோன், டெபோர்ட்டிவோ லா கொருன்யா என்று ஒவ்வொருவராக வெளியேற்றி, கெல்சென்கிர்ஷனில் நடந்த இறுதியாட்டத்தில் மொனாக்கோவை 3-0 என்று வீழ்த்தியது. கார்லோஸ் அல்பெர்டோ, டெகோ, அலெனிச்சேவ் ஆகியோர் அடித்த கோல்களைவிட, ரிக்கார்டோ கார்வால்யோவும் ஜோர்ஜ் கோஸ்டாவும் பின்களத்தைக் கட்டிக்காத்த விதமும், பந்து தங்கள் காலில் இல்லாத நேரத்தில் கோஸ்டின்யாவும் மனிஷும் இடைவெளிகளை அடைத்த விதமும்தான் அந்த அணியின் உண்மையான கையெழுத்து. அந்த இறுதியாட்டத்தில் முதலில் களமிறங்கிய பதினொருவரில் கார்லோஸ் அல்பெர்டோ, டெர்லேய் இருவரைத் தவிர மற்ற அனைவரும், பிரேசிலில் பிறந்து போர்ச்சுகல் குடியுரிமை பெற்ற டெகோ உட்பட, போர்ச்சுகல் நாட்டவர்கள். டப்ளினில் 2011 இறுதியாட்டத்தைத் தொடங்கியவர்களில் போர்ச்சுகல் வீரர்கள் ரொலாண்டோ, மௌட்டின்யோ, வரேலா என மூவர் மட்டுமே. சொந்த மண்ணின் அணி என்ற பெருமிதத்தில் 2004க்கு ஈடில்லை. இதை மறுப்பதற்கு என்னிடம் எதுவும் கிடையாது.

ஆனால் அந்தப் பயணத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்பதை ஓல்ட் டிராஃபோர்டு ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கும் எவரும் உணர்வார்கள். முதல் ஆட்டத்தில் பெனி மெக்கார்த்தியின் இரு கோல்களால் 2-1 என்று வென்றிருந்த போர்ட்டோ, மறு ஆட்டத்தில் பால் ஸ்கோல்ஸின் கோலால் பின்தங்கியிருந்தது. அந்த 1-0 அப்படியே நீடித்தால் வெளியூர் கோல் விதிப்படி (இரு ஆட்டங்களின் மொத்தக் கோல்கள் சமமானால், எதிரணியின் மைதானத்தில் அதிகக் கோல் அடித்த அணி முன்னேறும் என்பது அப்போதைய விதி) வெளியேற வேண்டியதுதான். அந்த நிலையில் ஸ்கோல்ஸ் மீண்டும் பந்தை வலைக்குள் செலுத்தினார். துணை நடுவர் ஆஃப்சைடு கொடி உயர்த்தியதால் அது கோலாகவில்லை. பதிவில் பார்த்தால் அவர் ஆஃப்சைடில் இல்லை. பிறகு 90ஆவது நிமிடத்தில் மெக்கார்த்தியின் ஃப்ரீ கிக்கை கோல்காப்பாளர் டிம் ஹோவர்ட் பிடிக்க முடியாமல் தட்டிவிட, முன்னால் விழுந்த பந்தை கோஸ்டின்யா உள்ளே தள்ளினார், மொரின்யோ கோட்டோரமாக ஓடினார். இதையெல்லாம் அணியைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. இரண்டே ஆட்டங்களில் முடிவாகும் ஒரு மோதலில் ஒரு கொடி உயர்வதும் உயராததும் வரலாற்றைத் தீர்மானித்துவிடும் என்பதற்காகவே சொல்கிறேன். 2011இலும் இதே கதைதான்: செவில்லாவில் 2-1 என்று வென்று, சொந்த ஊரின் டிராகாவ் அரங்கில் 0-1 என்று தோற்று, வெளியூர் கோல் விதியின் தயவில்தான் போர்ட்டோ அடுத்த சுற்றுக்குப் போனது.

ஆகவே ஐரோப்பிய ஆட்டங்களை வைத்து மட்டும் ஓர் அணியின் முழு ஆண்டை எடைபோடுவது எனக்கு ஒப்பவில்லை. என் தீர்ப்பை முடிவு செய்தது உள்நாட்டு லீக்தான், இன்னும் குறிப்பாகச் சொன்னால் அதில் அணி கைவிட்ட புள்ளிகள். வெற்றிக்கு மூன்று புள்ளிகள், சமனுக்கு ஒன்று. 2003-04இல் 34 ஆட்டங்களில் 25 வெற்றி, 7 சமன், 2 தோல்வி, மொத்தம் 82 புள்ளிகள். கிடைத்திருக்கக்கூடிய 102இல் 20 புள்ளிகள் போயின. 2010-11இல் 30 ஆட்டங்களில் 27 வெற்றி, 3 சமன், தோல்வியே இல்லை, 84 புள்ளிகள். கைநழுவியவை வெறும் 6. முதலாவதில் இரண்டாமிடம் பிடித்த லிஸ்பன் அணியான பென்ஃபிகாவைவிட 8 புள்ளிகள் முன்னிலை. இரண்டாவதில் அதே பென்ஃபிகாவைவிட 21 புள்ளிகள் முன்னிலை. வாங்கிய கோல்கள் 30 ஆட்டங்களில் 16 மட்டுமே. ஒரு கொடியோ, கோல்காப்பாளரின் ஒரு தடுமாற்றமோ இப்படிப்பட்ட பட்டியலை உருவாக்கிவிட முடியாது. மழையில் நனைந்த சிறு ஊர் மைதானங்களிலும், வியாழக்கிழமை வெளிநாட்டில் ஆடிவிட்டு வந்த களைப்போடு ஞாயிற்றுக்கிழமை இறங்கிய ஆட்டங்களிலும் சலிக்காமல் வென்றால்தான் இந்த எண்கள் வரும்.

வியாழக்கிழமை என்பதை இங்கே சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் செவ்வாய், புதன்களில் நடப்பதால் வார இறுதி லீக் ஆட்டத்துக்கு முன் மூச்சுவிட நேரம் கிடைக்கும். யூரோப்பா லீக் ஆட்டங்கள் வியாழனில் நடப்பதால் அது ஒன்றிரண்டு நாள் குறையும். போதாததற்கு, 2009-10இல் லீக்கில் மூன்றாமிடத்துக்குச் சரிந்திருந்ததால் போர்ட்டோ தகுதிச் சுற்றிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. கெங்க் அணிக்கு எதிரான தகுதிச் சுற்றையும் சேர்த்தால் அந்த ஆண்டு ஐரோப்பாவில் மட்டும் 17 ஆட்டங்கள். 2003-04 சாம்பியன்ஸ் லீக்கில் அது 13. இவ்வளவுக்கு நடுவிலும் லீக்கில் ஒரு தோல்வி கூட இல்லை என்பதே எனக்கு வியப்பு.

அந்த ஆண்டு பென்ஃபிகாவோடு நடந்த ஐந்து ஆட்டங்களை வரிசையாகப் பார்த்தால் சீசனின் முழுக் கதையும் கிடைத்துவிடும். முந்தைய ஆண்டுப் பட்டத்தை வென்று பெருமிதத்தில் இருந்த பயிற்சியாளர் ஜோர்ஜ் ஜெசுஸின் பென்ஃபிகா அணியை, ஆகஸ்டில், லீக் வெற்றியாளரும் கோப்பை வெற்றியாளரும் மோதும் சூப்பர் கோப்பை ஆட்டத்தில் போர்ட்டோ 2-0 என்று வென்றது. நவம்பர் 7 அன்று டிராகாவில் நடந்த லீக் ஆட்டத்தில், போர்ட்டோவின் முன்கள வீரர் ஹல்க்கை அடக்குவதற்காக ஜெசுஸ் நடுப் பின்களத்தில் ஆடும் டேவிட் லூயிஸை இடது ஓரத்துக்கு நகர்த்தினார். பயிற்சியாளர்கள் பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய ஆட்டம் அது. ஹல்க் அதே ஓரத்திலேயே திரும்பத் திரும்ப அவரைத் தாண்டிச் சென்றார். வரேலா ஒன்று, ஃபல்காவ் இரண்டு, அரைமணி நேரத்துக்குள் மூன்று கோல்கள். கடைசிப் பத்து நிமிடங்களில் ஹல்க்கே இரண்டு அடித்து 5-0 என்று முடித்தார். ஃபல்காவின் கோல்களில் ஒன்று குதிகாலால் பின்பக்கமாகத் தட்டியது; அதைப் பல முறை ஓட்டிப் பார்த்தும் எனக்குச் சலிக்கவில்லை.

பிப்ரவரியில் பென்ஃபிகா திருப்பி அடித்தது. போர்ச்சுகல் கோப்பை அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் டிராகாவிலேயே 2-0 என்று வென்றது. இந்தத் தோல்வி இல்லாமல் இருந்திருந்தால் அந்த சீசன் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்திருக்கும். ஏப்ரல் 3 அன்று லிஸ்பனின் லூஸ் அரங்கில் 2-1 என்று வென்று, ஐந்து சுற்றுகள் மீதமிருக்கும்போதே, போட்டியாளரின் சொந்த மைதானத்திலேயே போர்ட்டோ பட்டத்தை உறுதி செய்தது. வீரர்கள் கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே அரங்கத்தின் விளக்குகள் அணைக்கப்பட்டு, புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் திறந்துவிடப்பட்டன. அவர்கள் இருட்டில் நனைந்துகொண்டே ஆடிப் பாடினார்கள். ஏப்ரல் 20 அன்று அதே அரங்கில் கோப்பை அரையிறுதியின் மறு ஆட்டம். இரண்டு கோல் பற்றாக்குறையோடு போன அணி முதல் பாதியில் ஒன்றும் அடிக்கவில்லை. இரண்டாம் பாதியில் மௌட்டின்யோ, ஹல்க், ஃபல்காவ் என்று சுமார் பத்து நிமிடங்களுக்குள் மூன்று கோல்கள் விழுந்தன. 3-1 என்று முடிந்து, வெளியூர் கோல் கணக்கில் போர்ட்டோ இறுதிக்குப் போனது.

பட்டம் கைக்கு வந்த பிறகும் தளர்வில்லை என்பது அதே மாதத்தின் ஐரோப்பிய முடிவுகளில் தெரிகிறது. ஸ்பார்ட்டக் மாஸ்கோவை 5-1, 5-2 என்று இரு ஆட்டங்களிலும் நொறுக்கியது. வில்லாரியலுக்கு எதிரான அரையிறுதியில் இடைவேளையின்போது 0-1 என்று பின்தங்கியிருந்து, ஃபல்காவின் நான்கு கோல்களோடு 5-1 என்று வென்றது. மே 18 அன்று டப்ளினில், தன் நாட்டைச் சேர்ந்த பிராகாவை 1-0 என்று வென்ற இறுதியாட்டம் பார்ப்பதற்குச் சுமாரானதுதான். குவாரின் கொடுத்த பந்தை ஃபல்காவ் தலையால் முட்டிய அந்த ஒரு கணம் போக நினைவில் நிற்பது அதிகமில்லை. நான்கே நாட்களில் லிஸ்பன் அருகே ஜமோரில் நடந்த போர்ச்சுகல் கோப்பை இறுதியில் விட்டோரியா கிமராய்ஸுக்கு எதிராக 6-2, அதில் ஹாமெஸ் ரொட்ரிகெஸுக்கு ஹாட்ரிக். 2004இல் இதற்கு நேர்மாறாக நடந்தது: ஐரோப்பிய இறுதிக்குப் பத்து நாட்கள் முன்பு அதே ஜமோரில், கூடுதல் நேரத்தில் பென்ஃபிகாவிடம் 1-2 என்று போர்ட்டோ கோப்பையை இழந்தது. அந்த ஜனவரியில் கிமராய்ஸ் மைதானத்திலேயே சரிந்து உயிரிழந்த தங்கள் வீரர் மிக்லோஷ் ஃபெஹேருக்குப் பென்ஃபிகா அந்தக் கோப்பையைக் காணிக்கையாக்கியது. அதனால் அந்தத் தோல்வியைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் கணக்கில் அது தோல்விதான்.

எதிர்வாதங்களுக்கும் இடம் தர வேண்டும். 2010-11இல் லீக்கில் 16 அணிகள், 2003-04இல் 18; ஆட்டங்கள் குறைவாக இருந்தால் தோல்வியின்றி முடிப்பது சற்று எளிது என்பது நியாயமான பேச்சு. போர்ச்சுகல் கோப்பையிலிருந்து வேறான லீக் கோப்பையில் 2010-11 அணி குழுச் சுற்றோடு வெளியேறியது, எனவே அந்த ஆண்டு எல்லாவற்றையும் வென்ற ஆண்டு என்று சொல்வது பிழை. சமமான மூன்று ஆட்டங்களில் ஒன்று, பட்டம் முடிவான பின் சொந்த மண்ணில் பாசோஸ் டி ஃபெரேய்ராவோடு 3-3 என்று ஆடிய அசட்டையான ஆட்டம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: 2003-04இன் ஐரோப்பிய ஆட்டங்களைத்தான் நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன், அதன் லீக் ஆட்டங்களைப் பற்றிய என் மதிப்பீடு பெரும்பாலும் புள்ளிப்பட்டியலை நம்பியது. அந்த ஆண்டு முழுவதையும் அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்கள், அந்த 20 புள்ளிகளில் பலவும் ஐரோப்பாவுக்காக வீரர்களைச் சேமித்ததால் போனவை என்று சொல்லக்கூடும், அதை மறுக்க எனக்குத் தகுதி போதாது.

இரண்டு அணிகளும் கலைந்த விதத்தையும் சொல்லத் தோன்றுகிறது. 2004 கோடையில் மொரின்யோவோடு கார்வால்யோவும் பாலோ ஃபெரேய்ராவும் செல்சிக்குப் போனார்கள், டெகோ பார்சிலோனாவுக்குப் போனார்; அடுத்த சீசனில் பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், லீக் பட்டம் பென்ஃபிகாவிடம் போனது. 2011இல் 15 மில்லியன் யூரோ விடுவிப்புத் தொகையோடு வில்லாஸ் போவாஸ் போனார், 40 மில்லியன் யூரோவுக்கு ஃபல்காவ் அட்லெட்டிகோ மாட்ரிடுக்கு விற்கப்பட்டார். அப்படியும் துணைப் பயிற்சியாளராக இருந்த விட்டோர் பெரேய்ரா பொறுப்பேற்று அடுத்த இரண்டு லீக் பட்டங்களையும் வென்றார், அதில் 2012-13இல் மீண்டும் தோல்வியே இல்லை. ஐரோப்பாவில் அதே அணி சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றைக் கூடத் தாண்டாமல் 2011-12இல் தடுமாறியதையும் மறைப்பதற்கில்லை. உள்நாட்டில் அந்த அணியின் அடித்தளம் ஆழமாக இருந்தது என்பதுதான் என் வாதம். சாம்பியன்ஸ் லீக் என்ற உயரத்தில் அது சோதிக்கப்பட்டபோது விடை அவ்வளவு தெளிவாக இல்லை.

முழு சீசனையும் பார்க்க நேரமில்லாதவர்கள் 2010-11இலிருந்து பென்ஃபிகாவோடான ஐந்து ஆட்டங்களையும், வில்லாரியலுக்கு எதிரான முதல் ஆட்டத்தின் இரண்டாம் பாதியையும் பார்த்தால் போதும். டப்ளின் இறுதியாட்டத்தைத் தாராளமாக விட்டுவிடலாம். 2003-04இலிருந்து ஓல்ட் டிராஃபோர்டு ஆட்டத்தையும், லா கொருன்யாவில் டெர்லேயின் பெனால்டியால் 1-0 என்று வென்ற அரையிறுதியையும் பார்க்கச் சொல்வேன். மிலானை 4-0 என்று கவிழ்த்த அதே மைதானத்தில் டெபோர்ட்டிவோவுக்கு ஒரு கோல் கூடக் கிடைக்காமல் செய்த அந்த 90 நிமிடங்கள்தான், மொனாக்கோவுக்கு எதிரான இறுதியாட்டத்தைவிட அந்த அணியைச் சரியாகக் காட்டுகின்றன.